தரவு குறைந்த நிலையில் பொறியியல் பகுப்பாய்வும் உறுதியின்மையும்: சிறு கூறுகள், முன்னறிவு, மாதிரியத்தின் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் முடிவுகள் பலவும் போதிய தரவு கிடைக்கும் முன்னரே எடுக்கப்படுகின்றன. பழைய கட்டடம் ஒன்றிலிருந்து மூன்று கான்கிரீட் உருளைகளை மட்டுமே வெட்டியெடுக்க இயலும்; புதிய ஏவூர்தி இருபது முறை மட்டுமே பறந்திருக்கும். இத்தகைய நிலையில் உறுதியின்மையை எவ்வாறு கணக்கில் கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இயல்பு மாறுபாடு, அறிவுக் குறைபாடு என்னும் பாகுபாட்டிலிருந்து தொடங்கி, சிறு கூறின் விளைவு, தோல்வி காணப்படாத தரவைப் படிக்கும் முறை, பேய்சிய முன்னறிவின் இடம், பரவல் அறியப்படாத நிலையில் எல்லை காணுதல் ஆகியன எண் எடுத்துக்காட்டுகளுடன் ஆராயப்படுகின்றன. சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்துக்கு (1986) முன் கிடைத்திருந்த தரவு மைய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உறுதியின்மை, சிறு கூறு, பொறுதி எல்லை, பேய்சிய அணுகுமுறை, நிகழ்தகவுப் பெட்டி, சேலஞ்சர்.

1. முன்னுரை

ஒரு பொருளின் வலிமை, அதன்மேல் வரும் சுமை, அது பழுதின்றி இயங்கும் காலம் ஆகிய எவையும் ஒற்றை எண்களல்ல. ஆயினும் வடிவமைப்பு இறுதியில் ஒற்றை எண்ணையே கோருகிறது. கம்பியின் விட்டம் இவ்வளவு, அனுமதிக்கத்தக்க சுமை இவ்வளவு, ஏவலாம் அல்லது ஏவக்கூடாது என்ற முடிவு தேவைப்படுகிறது. மாறுபடும் அளவுகளிலிருந்து ஒற்றை முடிவுக்கு வரும் வழியே உறுதியின்மைப் பகுப்பாய்வு. தரவு மிகுந்திருக்கும்போது இவ்வழி ஓரளவு நேரானது. தரவு குறையும்போது பகுப்பாய்வாளரின் அனுமானங்கள் தரவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவை வெளிப்படையாகக் கூறப்படாவிடின், அனுமானம் எது, சான்று எது என்று பிரித்தறிய இயலாமற் போகிறது.

சொல்லாட்சி பற்றிய குறிப்பு ஒன்று இங்குத் தேவை. தமிழில் ‘மாதிரி’ என்னும் சொல் முழுமைத் தொகுதியிலிருந்து எடுக்கப்படும் பகுதியையும், மெய்ம்மையைக் கணித வடிவில் காட்டும் அமைப்பையும் ஒருங்கே குறிக்கிறது. இக்கட்டுரையில் முன்னது ‘கூறு’ எனவும், பின்னது ‘மாதிரியம்’ எனவும் ஆளப்படுகின்றன.

2. இருவகை உறுதியின்மை

பகடையை நூறாயிரம் முறை உருட்டிய பின்னரும் அடுத்து விழும் எண்ணைக் கூற இயலாது. ஒரே கலவையில் வார்க்கப்பட்ட கனசதுரக் கட்டிகளின் வலிமையும் கட்டிக்குக் கட்டி வேறுபடும். இது பொருளின் இயல்பிலேயே அமைந்த மாறுபாடு. கூடுதல் தரவால் இதனைத் துல்லியமாக விவரிக்கலாமேயன்றி நீக்க இயலாது. இதனை இயல்பு மாறுபாடு எனலாம்.

பகடை சீரானதா என்பது தெரியாத நிலை வேறு வகையைச் சார்ந்தது. அங்குக் குறை பகடையில் இல்லை. காண்பவரின் அறிவில் உள்ளது. உருட்ட உருட்ட இக்குறை தேயும். இதனை அறிவுக் குறைபாடு எனலாம். பரவலின் சராசரி எது, திட்டவிலக்கம் எவ்வளவு, பரவலின் வடிவம் என்ன, மாதிரியமே பொருத்தமானதா ஆகிய வினாக்கள் இவ்வகையின.

இப்பாகுபாடு நடைமுறைப் பயன் உடையது. இயல்பு மாறுபாட்டை எதிர்கொள்ள வடிவமைப்பை வலுப்படுத்த வேண்டும். அறிவுக் குறைபாட்டை எதிர்கொள்ளச் சோதனை செய்யவும் வழியுண்டு. இரண்டையும் ஒரே பரவலுக்குள் கலந்துவிட்டால், செலவழிக்க வேண்டியது எஃகிலா சோதனைக்கூடத்திலா என்ற வினாவுக்கு விடை கிடைக்காது. இக்காரணத்தாலேயே மான்டி கார்லோ கணிப்புகள் சில வேளைகளில் இரண்டு சுற்றுகளாக அமைக்கப்படுகின்றன. புறச்சுற்றில் சரியாக அறியப்படாத சராசரி, திட்டவிலக்கம் போன்ற அளவைகள் தேர்ந்தெடுக்கப்படும். ஒவ்வொரு தேர்வுக்கும் அகச்சுற்றில் இயல்பு மாறுபாடு கணிக்கப்படும். விளைவு ஒற்றைத் தோல்வி நிகழ்தகவன்று; அத்தகைய நிகழ்தகவுகளின் தொகுதி. அத்தொகுதியின் அகலமே அறிவுக் குறைபாட்டின் அளவு.

3. சிறு கூறும் அதன் விளைவும்

சிறு கூறுகளைப் பற்றிய நவீனப் புள்ளியியல் ஒரு தொழிற்சாலைத் தேவையிலிருந்து பிறந்தது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரையே பின்னர் டி-பரவல் என்று அறியப்பட்டதற்கு அடிப்படை. திட்டவிலக்கத்தையும் அதே சிறு கூறிலிருந்தே மதிப்பிடும்போது இயல்நிலைப் பரவலின் அட்டவணையை அப்படியே பயன்படுத்துதல் தவறான துணிவைத் தரும் என்பது அதன் சாரம்.

இதன் விளைவைக் கான்கிரீட் வழியாகக் காணலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456:2000, சோதனை முடிவுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் எந்த அளவுக்குக் கீழே அமையாது என எதிர்பார்க்கப்படுகிறதோ அவ்வளவைச் சிறப்பியல்பு வலிமை என வரையறுக்கிறது. கனசதுரக் கட்டிச் சோதனையில் சராசரி 34 மெகாபாஸ்கல், திட்டவிலக்கம் 4 மெகாபாஸ்கல் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். இவ்விரண்டும் முழுமைத் தொகுதிக்கே உரிய மெய்யளவுகள் எனில், இயல்நிலைப் பரவலின்படி 5 விழுக்காட்டுக் கீழெல்லை 34 − (1.645 × 4) = 27.4 ஆகும். அவை கூறிலிருந்து பெற்ற மதிப்பீடுகள் மட்டுமே எனில், 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூறத்தக்க கீழெல்லைக்குப் பெருக்கற்காரணி கூறின் அளவைப் பொறுத்து உயரும். இதனை ஒருபக்கப் பொறுதி எல்லை என்பர். அதே சராசரியும் அதே திட்டவிலக்கமும் வெவ்வேறு அளவுள்ள கூறுகளிலிருந்து கிடைத்தால் நிலைமை வருமாறு:

கூறின் அளவு 3: காரணி 7.656, கீழெல்லை 3.4 மெகாபாஸ்கல்
கூறின் அளவு 5: காரணி 4.203, கீழெல்லை 17.2 மெகாபாஸ்கல்
கூறின் அளவு 10: காரணி 2.911, கீழெல்லை 22.4 மெகாபாஸ்கல்
கூறின் அளவு 30: காரணி 2.220, கீழெல்லை 25.1 மெகாபாஸ்கல்

நான்கு வரிகளிலும் கான்கிரீட் ஒன்றே. மாறியது அதனைப் பற்றிய அறிவு மட்டுமே. மூன்று கட்டிகளைக் கொண்டு பெறப்படும் 3.4 என்னும் எல்லை நடைமுறைக்குப் பயன்படாது. ஆனால் அது பிழையான விடையன்று. மூன்று அளவீடுகள் தம்மளவில் அவ்வளவே சொல்ல வல்லவை.

இந்நிலையிலிருந்து மீள, அளவீடுகளுக்கு வெளியேயுள்ள அறிவைத் துணைக்கொள்ள வேண்டும். ஐ.எஸ். 456 இதனையே செய்கிறது. திட்டவிலக்கத்தைக் கணக்கிடக் குறைந்தது 30 சோதனை முடிவுகள் வேண்டும் எனவும், அவை கிடைக்காத நிலையில் எம் 20, எம் 25 தரங்களுக்கு 4.0 மெகாபாஸ்கல் எனக் கொள்ளலாம் எனவும் அது கூறுகிறது. இதன்படி எம் 25 தரத்துக்கு இலக்குச் சராசரி 25 + (1.65 × 4) = 31.6 மெகாபாஸ்கல். இங்கு 4.0 என்பது குறிப்பிட்ட பணியிடத்தில் அளக்கப்பட்டதன்று. கான்கிரீட் தொழிலின் நெடிய அனுபவத்திலிருந்து கடன் பெற்றது. கடனுக்கு நிபந்தனையும் உண்டு. சிமெண்டை முறையாகச் சேமித்தல், பொருள்களை எடையால் அளந்து கலத்தல் போன்ற கட்டுப்பாடுகள் தளர்ந்தால், அந்த மதிப்பை 1 மெகாபாஸ்கல் கூட்ட வேண்டும். கடன் பெற்ற அறிவு எந்த நிலைமைக்கு உரியதோ அந்நிலைமை பணியிடத்திலும் நிலவுகிறதா என்னும் வினாவை இவ்விதி தன்னுள் கொண்டிருக்கிறது.

4. தோல்வியே காணப்படாத தரவு

நம்பகத்தன்மைப் பகுப்பாய்வில் அடிக்கடி எழும் சிக்கல், இதுவரை ஒரு தோல்வியும் நிகழவில்லை என்பதே. தோல்விகளின் எண்ணிக்கையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சுழி கிடைக்கும். ஆனால் தோல்விக்கு வாய்ப்பே இல்லை என்னும் முடிவை எப்பொறியாளரும் ஏற்கமாட்டார்.

எளிய வழி ஒன்று உண்டு. தோல்வியின்றி முடிந்த சோதனைகளின் எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், தோல்வி நிகழ்தகவின் 95 விழுக்காட்டு மேலெல்லை ஏறத்தாழக் கிடைக்கும். 1986 ஜனவரி 28-ஆம் நாளுக்கு முன் அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 24 முறை பறந்து திரும்பியிருந்தன. பறப்புகள் ஒத்த தன்மையின எனக் கொண்டால், இவ்விதியின்படி மேலெல்லை 12.5 விழுக்காடு, நுணுகிக் கணக்கிட்டால் 11.7 விழுக்காடு. அதாவது, எட்டு அல்லது ஒன்பது பறப்புகளுக்கு ஒரு பேரிழப்பு என்னும் நிலையைக்கூட அந்த 24 வெற்றிகள் மறுக்கவில்லை.

விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஆணைய அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு முரணைச் சுட்டினார். பேரிழப்புக்கான வாய்ப்பைப் பணிப் பொறியாளர்கள் ஏறத்தாழ 100-இல் 1 என மதிப்பிட்டனர். மேலாண்மையினர் 1,00,000-இல் 1 என்றனர். பின்னது உண்மையெனில் நாள்தோறும் ஒன்றாக ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஏவினாலும் ஓர் இழப்பையே எதிர்பார்க்க வேண்டும். அதனைச் சோதனைகளால் மட்டும் 95 விழுக்காடு நம்பிக்கையுடன் நிறுவ ஏறத்தாழ மூன்று லட்சம் பறப்புகள் இழப்பின்றி முடிந்திருக்க வேண்டும். இருந்தவை 24.

முன்னறிவின் பங்கைப் பேய்சிய அணுகுமுறை தெளிவாக்கும். ஒவ்வொரு தரப்பின் நம்பிக்கையையும் பீட்டா பரவலாக எழுதலாம். எளிமையாகச் சொன்னால், அந்நம்பிக்கை இத்தனை கற்பனைப் பறப்புகளுக்கு ஒரு தோல்வி என்பதற்குச் சமமெனக் கொள்ளப்படுகிறது. பொறியாளரின் முன்னறிவுக்கு 100 பறப்புகளில் 1 எனவும், மேலாண்மையின் முன்னறிவுக்கு 1,00,000 பறப்புகளில் 1 எனவும் கொள்வோம். 24 வெற்றிகளுக்குப் பின் முன்னவரின் மதிப்பீடு 124-இல் 1. பின்னவருடையது 1,00,024-இல் 1. 25-ஆம் பறப்பில் சேலஞ்சர் அழிந்த பின், முன்னவருடையது 125-இல் 2, அதாவது 1.6 விழுக்காடு. பின்னவருடையது 1,00,025-இல் 2, அதாவது ஏறத்தாழ 50,000-இல் 1. ஏழு உயிர்களைப் பறித்த விபத்துக்குப் பின்னரும் அம்மதிப்பீடு ஆபத்தைச் சுட்டவில்லை.

2011-இல் முடிவுற்ற விண்வெளி ஓடத் திட்டத்தில் மொத்தப் பறப்புகள் 135. இழந்த ஓடங்கள் இரண்டு, 1986-இல் சேலஞ்சரும் 2003-இல் கொலம்பியாவும். காணப்பட்ட வீதம் 1.5 விழுக்காடு. முதல் முன்னறிவு இத்தரவுக்குப் பின் 235-இல் 3, அதாவது 1.3 விழுக்காட்டை அடைகிறது. இரண்டாவது இன்னும் 33,000-இல் ஒன்றுக்குக் கீழேயே நிற்கிறது. முன்னறிவைப் பயன்படுத்தியதில் குறையில்லை. சான்றால் அசைக்க இயலாத எடையை, சான்றில்லாத நம்பிக்கைக்கு அளித்ததே குறை. பேய்சிய முடிவொன்றை வெளியிடும் ஆய்வாளர், முன்னறிவு எத்தனை சோதனைகளுக்கு நிகராக எடையிடப்பட்டது, அந்த எடைக்கு ஆதாரம் யாது என்பவற்றையும் உடன் கூறவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

5. சேலஞ்சர்: 23 பறப்புகளின் சான்று

5.1 விடுபட்ட பதினாறு

சேலஞ்சரின் திட எரிபொருள் உந்தியில், இரு பகுதிகள் இணையுமிடத்தை அடைத்திருந்த ரப்பர் ஓ-வளையங்கள் குளிரில் நெகிழ்வு குறைந்து, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறின. ஏவிய 73 நொடிகளில் ஓடம் சிதைந்தது. முந்தைய 24 பறப்புகளில் 23-இன் உந்திகள் கடலிலிருந்து மீட்கப்பட்டு ஆராயப்பட்டிருந்தன. அவற்றுள் 7 பறப்புகளில் ஓ-வளையங்களில் சேதம் காணப்பட்டிருந்தது. அவற்றின் இணைப்பு வெப்பநிலைகள் ஃபாரன்ஹீட் அளவில் 53, 57, 58, 63, 70, 70, 75.

ஏவலுக்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கலந்தாய்வில் உந்தியைச் செய்தளித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 53 பாகைக்குக் கீழ் ஏவவேண்டாம் எனப் பரிந்துரைத்தனர். சேதமுற்ற பறப்புகளை மட்டும் நோக்கியபோது வெப்பநிலையின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை. 53 பாகையிலும் சேதம், 75 பாகையிலும் சேதம் என்பதால் பரிந்துரை வலுவிழந்தது. பின்னர் நிறுவன மேலாண்மையால் மாற்றப்பட்டது.

விடுபட்டவை சேதமுறாத 16 பறப்புகள். அவை அனைத்தும் 66 பாகையிலோ அதற்கு மேலோ நிகழ்ந்தவை. அவற்றைச் சேர்த்தால், 65 பாகைக்குக் கீழ் நிகழ்ந்த 4 பறப்புகளில் 4-இலும் சேதம். அதற்கு மேல் நிகழ்ந்த 19-இல் 3-இல் மட்டுமே சேதம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லையெனக் கொண்டால், மிகக் குளிர்ந்த நான்கும் சேதமுற்ற ஏழனுள் அமைவதற்கு 8,855 வழிகளில் 35 வழிகளே உள்ளன, அதாவது 0.4 விழுக்காடு. தரவைக் கண்டபின் வரையப்பட்ட எல்லைக்கோடு என்பதால் இவ்வெண்ணைச் சற்றுத் தளர்த்திப் படிக்க வேண்டும். ஆயினும் அது தாங்கும் சான்று வலியது.

தரவு குறைவு எனக் கூறப்படும் சூழல்களில் இஃது அடிக்கடி நிகழ்கிறது. தோல்விகள் மட்டும் தரவாகக் கொள்ளப்பட்டு, தோல்வியுறாதவை தரவல்ல என ஒதுக்கப்படுகின்றன. இருப்பதையே முழுமையாகப் பயன்படுத்தாத நிலையில் நுண்ணிய கணிதமுறைகளை நாடுவதால் பயனில்லை.

5.2 மாதிரியத்தின் எல்லை

இந்த 23 பறப்புகளுக்கு, சேதம் நிகழ்ந்தது அல்லது நிகழவில்லை என்னும் அடிப்படையில் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கைப் பொருத்தினால், சேத நிகழ்தகவு 81 பாகையில் ஏறத்தாழ 0.02 எனவும், 53 பாகையில் 0.94 எனவும் கிடைக்கிறது. ஏவலின்போது எதிர்பார்க்கப்பட்ட 31 பாகைக்கு நீட்டினால் 0.999-ஐயும் கடக்கிறது.

இக்கடைசி எண்ணை அதன் தோற்றத்தளவில் நம்பலாகாது. தரவின் கீழ்முனை 53 பாகை. 31 என்பது அதற்கும் 22 பாகை கீழே. தரவு முழுவதும் பரவியுள்ள அகலமே 28 பாகை. வளைவு அதே வடிவில் தொடரும் என்பது அனுமானமேயன்றி அளவீடன்று. மாதிரியத்தை ஏற்றுக்கொண்டாலும், 31 பாகையில் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.48 முதல் 1 வரை விரிகிறது. மேலும் இங்குக் கணிக்கப்படுவது வளைய சேதம், ஓட இழப்பன்று. சேதத்திலிருந்து இழப்புக்குச் செல்லும் படி வேறொரு மாதிரியத்தை வேண்டும்.

ஆனால் முடிவெடுப்போருக்கு அவ்விடைவெளியின் கீழ்முனையே போதுமானது. சேதம் நேர ஏறத்தாழப் பாதி வாய்ப்பு என்பதே, உள்ளவற்றுள் மிக நம்பிக்கையூட்டும் விளக்கம். இடைவெளியின் இரு முனைகளும் ஒரே முடிவைச் சுட்டும்போது, உறுதியின்மை பெரிதாயினும் முடிவு உறுதியானது. முனைகள் வெவ்வேறு முடிவுகளைச் சுட்டும்போதே கூடுதல் தரவு இன்றியமையாததாகிறது.

ஃபைன்மன் சுட்டிய இன்னொரு கருத்துப்பிழையும் இவ்விடத்துக்கு உரியது. முந்தைய பறப்பொன்றில் ஓ-வளையம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்ததை, பாதுகாப்புக் காரணி 3 உள்ளது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர். அரிப்பே நிகழக்கூடாத பகுதி அது. எதிர்பாராத நிகழ்வைக் காட்டும் அளவீடு, மாதிரியம் பிழையானது என்பதற்கான அறிகுறி. மீதமுள்ள பொருளைக் கொண்டு பாதுகாப்பை அளப்பது அவ்வறிகுறியை மறைத்துவிடுகிறது.

6. பரவல் அறியப்படாதபோது

இதுவரை கண்ட முறைகள் ஏதேனுமொரு பரவலை ஏற்றுக்கொண்டவை. பரவலின் வடிவமே தெரியாதபோது எல்லைகளைக் காணும் முறைகள் உதவுகின்றன. சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் சரியாக அறியப்பட்டிருந்தால், ஓர் அளவு சராசரிக்கு 1.65 திட்டவிலக்கங்கள் கீழே அமையும் நிகழ்தகவு இயல்நிலைப் பரவலில் 5 விழுக்காடு. பரவல் எதுவாயினும் மீறவியலாத மேலெல்லையோ, கேன்டெல்லி சமனிலியின்படி, 26.9 விழுக்காடு. மூன்று திட்டவிலக்கங்களுக்கு இவ்விரண்டும் முறையே 0.135 விழுக்காடும் 10 விழுக்காடும் ஆகும். பரவலின் வால்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல, வடிவத்தைப் பற்றிய அனுமானமே விடையைத் தீர்மானிக்கிறது. பாதுகாப்புக் கணக்குகள் அனைத்தும் அவ்வால்பகுதியைச் சார்ந்தவை.

சாத்தியமான பரவல்கள் அனைத்தையும் மேலும் கீழும் இரு வளைவுகளுக்குள் அடைத்துக் காட்டுவதை நிகழ்தகவுப் பெட்டி என்பர். எல்லைகள் மட்டும் தெரிந்த அளவை இடைவெளியாகவே வைத்துக்கொள்வது இதன் எளிய வடிவம். ஓர் இடைவெளியைச் சீர்பரவலாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் தீங்கற்றதாகத் தோன்றலாம். பத்து உறுப்புகள் வரிசையாக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நீளப்பிழையும் ±1 மில்லிமீட்டருக்குள் உள்ளது என்பது மட்டுமே தெரியும் எனக் கொள்வோம். இடைவெளிக் கணக்கின்படி மொத்தப் பிழை ±10 மில்லிமீட்டர் வரை செல்லலாம். ஒவ்வொன்றையும் ஒன்றையொன்று சாராத சீர்பரவலாகக் கொண்டால், இரு திட்டவிலக்க அளவில் ±3.7 மில்லிமீட்டரே கிடைக்கும். பத்து உறுப்புகளும் ஒரே அச்சில், ஒரே பிழையுடன் வார்க்கப்பட்டிருந்தால் முதல் விடையே மெய்யாகலாம். இரண்டாம் விடையின் நேர்த்தி, அளக்கப்படாத சாராமையிலிருந்து வந்தது. அறியாமையும் சமவாய்ப்பும் ஒன்றல்ல.

பரவலைச் சாராத வேறொரு வழி சாமுவேல் வில்க்ஸ் 1941-இல் முன்வைத்த வரிசைப் புள்ளியியலைச் சார்ந்தது. ஒன்றையொன்று சாராத 59 கணிப்புகளுள் மிகப் பெரியது, பரவல் எவ்வடிவினதாயினும், 95 விழுக்காடு நம்பிக்கையுடன் 95 விழுக்காட்டு அளவைக் கடந்திருக்கும். 59 கணிப்புகளும் அவ்வளவுக்குக் கீழே அமைவதற்கான நிகழ்தகவு 0.95-இன் 59-ஆம் அடுக்கு, அஃது 0.05-ஐவிடச் சற்றே குறைவு. ஒவ்வொரு கணிப்பும் நெடுநேரம் எடுக்கும் அணு உலைப் பாதுகாப்புப் பகுப்பாய்வில் இம்முறை பயன்படுத்தப்படுகிறது. ஆயினும் உள்ளீட்டுப் பரவல்கள் சரியாயிருந்தால் மட்டுமே இவ்வுறுதி செல்லும்.

7. முறைகளின் தேர்வு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வரிசைமுறை பெறப்படுகிறது. முதலாவதாக, தோல்வியுறாதவை உட்பட இருக்கும் தரவு முழுவதையும் திரட்டுதல். இரண்டாவதாக, இயல்பு மாறுபாட்டையும் அறிவுக் குறைபாட்டையும் பிரித்தெழுதுதல். மூன்றாவதாக, கடன் பெறத்தக்க அறிவு இருப்பின் அதன் எடையையும் நிபந்தனைகளையும் குறித்துப் பேய்சிய முறையை நாடுதல். இல்லையெனில் இடைவெளியையோ நிகழ்தகவுப் பெட்டியையோ பயன்படுத்துதல். நான்காவதாக, அனுமானங்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிவு மாறுகிறதா எனச் சோதித்தல். எந்த அனுமானம் முடிவை மாற்றுகிறதோ அதன்மீதே அடுத்த சோதனைக்கான செலவு செல்ல வேண்டும்.

8. முடிவுரை

தரவு குறைவாயிருத்தல் பொறியியலில் விதிவிலக்கன்று. பெரும்பாலான முக்கிய முடிவுகளின் இயல்பான சூழல் அதுவே. சிறு கூறு பகுப்பாய்வைத் தடுப்பதில்லை. விடையின் அகலத்தைக் கூட்டுகிறது. அவ்வகலத்தைக் குறைக்கும் வழிகள் இரண்டே. ஒன்று மேலும் அளத்தல். மற்றொன்று வேறிடத்துப் பெற்ற அறிவைக் கடன் பெறுதல். இவ்விரண்டும் இன்றி அகலம் குறைந்திருப்பின், அங்கு அனுமானம் ஒன்று சான்றின் இடத்தில் அமர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். கான்கிரீட் விதியில் அத்தகைய அனுமானம் நிபந்தனையோடு எழுதப்பட்டுள்ளது. 1,00,000-இல் 1 என்னும் மதிப்பீட்டில் அதற்கு ஆதாரம் கூறப்படவில்லை. முடிவெடுப்போரிடம் செல்லும் அறிக்கையில் எண்ணுடன் அதன் அகலமும், அகலத்துடன் அதனைக் குறைத்த அனுமானங்களும் இடம்பெறுதல் பகுப்பாய்வாளரின் கடமையாகும்.